தம்பிக்காக மோந்து பார்த்த மத்தியானங்கள்

நான் குடிச்சிருக்கேன். எடுத்த எடுப்புலயே சொல்லிடறேன், அப்பறம் யாரும் சுத்தி வளைச்சுக் கேக்க வேண்டாம். அரியலூர்ல மாவு மில்லு வச்சிருக்கவ, நாப்பத்தாறு வயசு, ஆடி மாசம் கூழு ஊத்துறவ, மத்தியானம் ரெண்டு மணிக்கு மில்லுக் கதவச் சாத்திட்டு உள் ரூம்புல உக்காந்து ஜின்னு, ஓட்கா, லிக்யூர்னு சக்கரை போட்ட சரக்கு, இத்தனையும் நாக்குல வச்சிருக்கேன். கிளாஸ் கிளாஸா ஊத்திக்கிட்டு ஆடுனேன்னு நெனச்சுக்காதீங்க. நாக்கு நுனியில ஒரு சொட்டு, அவ்வளவுதான். மோந்து பாக்குறதுதான் வேலையே. என் தம்பிக்கு வாசனை தெரியாமப் போச்சு. அவனுக்குப் பதிலா நான் மோந்தேன்.

அவன் என்னைவிட ஏழு வயசு சின்னவன். அப்பா, அம்மா ரெண்டு பேரும் அடுத்தடுத்துப் போயிட்டாங்க, கல்யாணமும் வேணாம்னுட்டான், அதனால அவனுக்கு வூடுன்னா என் வூடுதான். திருச்சியில கேட்டரிங் படிச்சான். இருவத்திரெண்டு வயசுல கல்ஃபுக்குப் போயி ஒரு பெரிய ஹோட்டல்ல தட்டு தூக்குற வேலையில சேந்தான். பத்து வருசத்துல அந்த ஹோட்டல் பாருக்கே தலைமை ஆளாயிட்டான். சொந்தக்காரங்க கேட்டா ஹோட்டல்ல சூப்பர்வைசர்னு சொல்லி வச்சிருந்தேன். பார்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்னு எனக்குத் தெரியாதா?

ஆனா அவன் வேலை ஊத்திக் குடுக்குற வேலை மட்டுமில்ல. ஒரு கிளாஸ மூக்குகிட்ட கொண்டு போனான்னா அதுல என்னென்ன விதை, என்னென்ன வேரு, எந்தப் பழத்தோட தோலு ஊறியிருக்குன்னு அடுக்கடுக்கா சொல்லுவானாம். அதே ஹோட்டல் சமையக்கட்டுல வேலை பாக்குற லப்பைக்குடிக்காட்டுத் தம்பி ஒருத்தர் லீவுல வந்தப்ப எங்கிட்ட சொன்னாரு. "மூக்குல கம்ப்யூட்டர் வச்சிருக்கான்க்கா ஒங்க தம்பி"ன்னு. அவரு அந்தச் சரக்கையெல்லாம் தொடவே மாட்டாரு, ஆனா சொல்றப்ப அவருக்கே ஒரு பெருமை. என் வூட்டுக்காரர் அதைக் கேட்டுட்டு, "வாயில வச்சுட்டுத் துப்பிடுவானாமே மாப்ள? துப்புறதுக்கா சம்பளம்? நம்மளக் கூப்புட்டா முழுங்கியே குடுப்பமே"ன்னாரு. அவரு சுண்ணாம்புக்கல்லு ஏத்துற டிப்பர் ஓட்டுறவரு. வாரத்துல ஒரு நா கட்டிங் போடுவாரு, மீதி நாளெல்லாம் பேச்சுலயே போடுவாரு.

அந்தக் காய்ச்சல் ஊரையே போட்டுப் பார்த்துச்சே, அதுல அவனும் படுத்தான். எழுந்துட்டான். ஆனா வாசனை திரும்பி வரல. நாக்குல இனிப்பு தெரியும், கசப்பு தெரியும், சரக்கு போட்டா தொண்டை எரியும், புதினா போட்டா சில்லுன்னு இருக்கும். வாசனை மட்டும் சுத்தமா இல்ல. வருசக்கணக்கா யாருகிட்டயும் சொல்லாம அளவையும் ஞாபகத்தையும் வச்சே சமாளிச்சிருக்கான் பாவி. ஒரு நா, புளிச்சுப்போன கிரீம ஊத்தி ஒருத்தருக்குக் குடுத்துட்டான். குடிச்சவரு அங்கயே வாந்தி எடுத்துட்டாரு. மேனேஜர் கூப்புட்டு விசாரிச்சப்ப உண்மைய சொல்லிட்டான். "ஊருக்குப் போ, ஒடம்பப் பாரு. ஆடி வரைக்கும் ஒன் எடம் ஒனக்குத்தான். ஆனா சேர்றதுக்கு முன்னாடி எல்லாரு முன்னாலயும் கண்ணைக் கட்டிக்கிட்டு மோந்து சொல்லணும்." இதுதான் அவங்க வச்ச ஏற்பாடு. அந்த வேலை போச்சுன்னா அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது. வேற ஒண்ணா ஆகணும்னு அவனுக்கு ஆசையும் இல்ல.

கார்த்திகையில வந்து எறங்கினான். ஒரே ஒரு சூட்கேஸ். தொறந்தா பூராவும் சாக்ஸு. ஒவ்வொரு சாக்ஸுக்குள்ளயும் கட்டைவிரல் ஒசரத்துக்கு ஒரு பாட்டிலு. பாருக்கு சாம்பிள்னு கம்பெனிக்காரங்க குடுக்குறதாம், பதினஞ்சு வருசமா சேத்து வச்சிருக்கான். நாப்பது பாட்டிலு. ஏர்போர்ட்டுல ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டருக்கு மேல விடமாட்டாங்கன்னு சரியா நாப்பதோட நிறுத்தியிருக்கான். என் வூட்டுக்காரர் ஒண்ண எடுத்து வெளிச்சத்துல பாத்துட்டு, "என்ன மாப்ள, போலியோ சொட்டு மருந்தா?"ன்னாரு. அன்னிக்குத்தான் அவன் கடைசியா நல்லாச் சிரிச்சது, ரொம்ப நாளைக்கு.

பெரம்பலூர்ல மூக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு நேராவே சொல்லிட்டாரு. "நரம்பு செத்தும் இருக்கலாம், தூங்கிக்கிட்டும் இருக்கலாம். தெனம் ரெண்டு வேளை நாலஞ்சு வாசனைய மோந்து பாருங்க. மோந்து பாக்கும்போது அது முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு மனசுக்குள்ள நெனச்சுப் பாருங்க. சில பேருக்கு லேசா வர ஆரம்பிக்கும். வந்தா அதைப் பிடிச்சுக்கிட்டே போகணும். சில பேருக்கு வர்றதில்ல." எலுமிச்சம்பழம், கிராம்புன்னு எழுதிக் குடுத்தாரு. பஸ்ஸுல வரும்போது அவன் அந்தச் சீட்டப் பாத்துட்டு, "எலுமிச்சம்பழத்த மோந்துட்டு நான் என்ன ஜூஸ் கடையா வைக்கப் போறேன்? என் பாட்டில்லயே பாக்குறேன்க்கா. நீ கூட இரு"ன்னான்.

அப்படித்தான் நான் மாட்டினேன். எனக்கு மூக்கு உண்டு, அதை ஒத்துக்கணும். இருவது வருசமா மொளகா, மல்லி, மஞ்சள், சீரகம்னு அரைக்கிறவ. பையத் தொறக்காமயே இது போன வருசத்து மல்லி, இது பூச்சி விழுந்த சோம்புன்னு சொல்லிடுவேன். காலையில பத்தரை வரைக்கும் மில்லுல கூட்டம், திரும்ப நாலு மணிக்கு மேல கூட்டம். நடுவுல மெஷின் ஓடாது. அந்த நேரத்துல உள் ரூம்புல பாய விரிச்சு உக்காருவோம். அவன் டீக்கிளாஸ் நாலு கேட்டான். எவர்சில்வர் டம்ளர் ஆகாதாம், அதுக்கே ஒரு வாசனை உண்டாம். கிளாஸ் அடியில நான் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவேன், செவப்பு, பச்சை, கருப்பு, மெரூன். எந்தப் பொட்டுக்கு எந்தச் சரக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொண்ணுலயும் அஞ்சாறு சொட்டு ஊத்தி, நிறம் தெரியாம பேப்பரச் சுத்தி வைப்பேன்.

மொதல்ல நான் மோந்து சொல்லணும், அவன் கேட்டுக்கிட்டே மோந்து ஞாபகப்படுத்திப் பாக்கணும். ஜின்னுல எல்லாத்துலயும் மல்லி இருந்துச்சு. எனக்கு ஆச்சரியமாப் போச்சு, நம்ம கொழம்புக்குப் போடுற அதே மல்லிதான். மொத ஜின்ன மோந்துட்டு, "மல்லி இருக்கு, எலுமிச்சந்தோலு இருக்கு, அப்பறம் கதவுக்குப் பெயிண்டு அடிக்கிறப்ப கலக்குவாங்களே டர்பன்டைன், அது இருக்கு"ன்னேன். அவன் பாய்லயே துள்ளிட்டான். "அதுதான்க்கா ஜூனிபர் காயி! ஜின்னுக்கு உசுரே அதுதான்! ஒருத்தனும் இப்படிச் சொன்னதில்ல"ன்னான். ரெண்டாவது ஜின்னுல வெள்ளரிப்பிஞ்சும் பன்னீரும். மூணாவது நம்ம இந்தியாவுல செஞ்ச ஜின்னு, அதுல வெட்டிவேரு. எனக்கு இந்த மூணுல வெட்டிவேருதான் ஒசத்தி, அந்தப் பன்னீரு ஜின்னு கல்யாண வூட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு. லிக்யூர்ல ஒண்ணு ஆரஞ்சுத் தோல மூஞ்சிக்கு நேரா பீச்சுன மாதிரி. ஒண்ணு சோம்பு மிட்டாய். ஒண்ணு பேக்கரி பாதாம் கேக்கு. கறுப்பா ஒண்ணு இருந்துச்சு, ஜெர்மன்காரன் பண்ணதாம், எனக்குப் பிள்ளை பெத்தப்ப குடுத்த லேகியம்தான் ஞாபகம் வந்துச்சு. நான் சொல்லச் சொல்ல ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வந்தான். அந்த நோட்டு பூரா என் பேச்சுதான்.

பொம்பளைங்க மூக்கு லேசுப்பட்டதில்ல. சாயங்காலம் அரிசி அரைக்க வந்த ஒருத்தி எங்கிட்ட வந்து நின்னு, "என்னக்கா, ஒரு மாதிரி வாசனை வருது?"ன்னா. "மூட்டு வலிக்கு ஹோமியோபதிடி"ன்னேன். மறுநாள் அவ மாமியாரக் கூட்டிட்டு வந்து டாக்டர் அட்ரஸ் கேக்குறா. தலையெழுத்து!

மார்கழி போச்சு, தை போச்சு, மாசி போச்சு. கண்ணை மூடிக்கிட்டு நாலு கிளாஸையும் மோந்து சொல்லுவான், நான் அடியத் திருப்பிப் பாத்துட்டு "இல்லடா"ன்னு சொல்லுவேன். எத்தனை "இல்லடா" சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. எப்பவாவது குருட்டாம்போக்குல ஒண்ணு சரியா விழும், அது அவனுக்கே தெரிஞ்சுரும். லப்பைக்குடிக்காட்டுத் தம்பி லீவுல வந்தப்ப நாலு சின்ன அத்தர் புட்டி கொண்டாந்து குடுத்தாரு. "அக்கா, அவன் வாங்கிட்டு வரச் சொன்ன பாட்டிலெல்லாம் நான் கையால தொட மாட்டேன், ஹராம். வாசனைக்குத்தானே? இதுல பாக்கச் சொல்லுங்க. இன்ஷா அல்லாஹ் சரியாயிரும்"னாரு. மூடியத் தொறந்ததும் மில்லே மணத்துச்சு. என் தம்பி நாலையும் மாத்தி மாத்தி மோந்துட்டு, மூடி வச்சுட்டு, அவருக்கு டீ வாங்கப் போயிட்டான்.

அவன் எளைச்சுக்கிட்டே போனான். வாசனை இல்லன்னா சோறு எறங்காதுன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. ஒரு நா காலையில முந்தின நாள் வச்ச கத்திரிக்கா கொழம்பு ஊசிப்போயி நொரை கட்டியிருந்துச்சு. கொட்டணும்னு ஒதுக்கி வச்சுட்டு மில்லுக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா அவன் அதை ஊத்திச் சாப்பிட்டுக் கைய நக்கிக்கிட்டு இருக்கான். "என்னக்கா இன்னிக்குக் கொழம்பு கொஞ்சம் புளி தூக்கலா?"ன்னான். "ஆமாடா, புளி கூடிப்போச்சு"ன்னேன். அன்னிக்கு ராத்திரி பூரா வயித்தால போயி படுத்துட்டான்.

சித்திரையில ஆண்டிமடம் போனோம், சித்தப்பா முந்திரித் தோப்புக்கு. கொட்டையத் திருகி எடுத்துட்டுப் பழத்தக் குவிச்சுப் போட்டிருப்பாங்க, வெயில்ல அது பொங்கிக் கெடக்கும். அந்த நாத்தம் தெரியாதவங்க எங்க பக்கத்துல உண்டா? பஸ்ஸுல போறவங்களே மூக்கப் பொத்துவாங்க. இவன் நேராப் போயி குவியல்கிட்ட குந்திட்டான். ஒரு பழத்தப் பிச்சு மூக்குல வச்சான். தூக்கிப் போட்டான். இன்னொண்ணு. இன்னொண்ணு. சட்டை பூரா சாறு. "ஒண்ணும் வரலக்கா. தண்ணிய மோந்து பாக்குற மாதிரி இருக்கு"ன்னான். அப்பறம், "அந்தக் காய்ச்சல்லயே போயிருக்கலாம்"னான். வாயிலயே ஒண்ணு போட்டேன். முப்பத்தொம்பது வயசு ஆம்பளைய, தோப்புல வேலை செய்யறவங்க பாக்க அடிச்சேன். அடிச்சுட்டு நான்தான் அழுதேன்.

மறுநாள் மத்தியானம் கடனேன்னு உக்காந்தான். மூணு கிளாஸ வெறுமனே தள்ளி விட்டுட்டான். நாலாவத மோந்துட்டு, "மல்லி... எலுமிச்சந்தோலு... மொத ஜின்னா?"ன்னான். நான் அடியத் திருப்பினேன். பச்சைப் பொட்டு. அது வெள்ளரிப்பிஞ்சு, பன்னீரு.

"சரிடா"ன்னேன்.

கண்ணத் தொறந்தான். "நெசமாவா?"ன்னான். "நெசமாத்தான்." "சாமி சத்தியமா சொல்லுக்கா." "சத்தியம் எதுக்குடா, சரின்னா சரிதான். போ, மொகத்தக் கழுவிட்டு வா"ன்னு எழுந்து கிளாஸையெல்லாம் கழுவப் போயிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் அவன் ரெண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். என் வூட்டுக்காரர் விசயத்தக் கேட்டுட்டு கடைத்தெருவுக்கு ஓடிப்போயி பரோட்டா கட்டிக்கிட்டு வந்தாரு. "பாத்தியா, மாப்ள மூக்கு எந்திரிச்சுருச்சு"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னாரு. அந்த வூட்டுல அப்படி ஒரு சத்தம் கேட்டு ஆறு மாசம் ஆயிருந்துச்சு. நான் எப்படிங்க அப்பறம் போயி இல்லடா, பொய்யின்னு சொல்றது?

தைரியம் வந்துட்டா மூக்கும் வந்துரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். டாக்டரே மனசுல நெனைக்கணும்னுதானே சொன்னாருன்னு அதுக்கு ஒரு சாக்கு. நாலுல ரெண்டு சரின்னு சொன்னேன், அப்பறம் மூணு. சந்தேகம் வரக்கூடாதுன்னு நடுநடுவுல ஒரு "இல்லடா"வும் போட்டேன். மில்லுல ஒருத்தி மொளகாய இன்னொருத்தி மொளகாயோட ஒரு பிடி கலந்துட்டாக்கூட எனக்குத் தூக்கம் வராது. அப்பேர்ப்பட்டவ தெனம் மத்தியானம் உக்காந்து பொய் சொன்னேன், கூடப்பொறந்தவன் மூஞ்சியப் பாத்து.

மூஞ்சியப் பாத்துச் சொல்றதுலதான் வம்பு வந்துச்சு. தப்பான பொட்டப் பாத்துட்டு சரின்னு சொன்னா என் மொகம் காட்டிக் குடுத்துரும்னு பயம். அவன் பதினஞ்சு வருசம் ஆளுங்க மொகத்தப் பாத்தே வேலை செஞ்சவன். அதனால ஒரு வழி பண்ணேன். பாக்குறதையே நிறுத்திட்டேன். கைக்குக் கெடைச்ச பாட்டில கெடைச்ச கிளாஸுல ஊத்துவேன், எது எதுல போச்சுன்னு கவனிக்க மாட்டேன். காலையில பூரா மொளகா அரைச்சேன், நெடி தாங்கலன்னு முந்தானைய மூக்குல பொத்திக்கிட்டு வாசப்படிகிட்ட போயி உக்காந்துக்குவேன். அவன் சொல்லிட்டு நீட்டுற கிளாஸ வாங்கித் திருப்புற மாதிரி திருப்பி, அடியப் பாக்காம சும்மா அவன் பக்கம் பாத்து "சரி"ன்னுவேன். முடிஞ்சதும் நாலையும் ஒரே வாளித் தண்ணியில முக்கி எடுத்துருவேன். எனக்கே தெரியலன்னா மொகத்துல என்ன தெரியப் போவுது? புத்திசாலித்தனம்னு நெனச்சேன்.

ஆனி கடைசியில அவன் மேனேஜருக்கு மெயில் போட்டான், தேறிட்டேன்னு. வாங்கன்னு பதில் வந்துச்சு. நோட்டத் திரும்பத் திரும்பப் படிச்சான், மனப்பாடமே பண்ணிட்டான். கிளம்புறதுக்கு முந்தின வாரம் பூரா நான் ஒவ்வொரு நாளும் இன்னிக்குச் சொல்லிடணும்னு எழுந்திருப்பேன். திருச்சி ஏர்போர்ட் வாசல் வரைக்கும் கூடப் போனேன். அங்கயாவது சொல்லியிருக்கலாம். அவன் என் கையப் பிடிச்சுக்கிட்டு, "ஒன்னாலதான்க்கா"ன்னான். நான் "சாப்பாட்டு டப்பா பைக்குள்ள இருக்கு, மறந்துராத"ன்னேன். அவன் உள்ள போயிட்டான்.

அஞ்சாம் நாள் லப்பைக்குடிக்காட்டுத் தம்பிகிட்டருந்து போன் வந்துச்சு. மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு, நிறுத்திட்டு எடுத்தேன். "அக்கா, பதறாதீங்க, அவன் நல்லாத்தான் இருக்கான்"னு ஆரம்பிச்சாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அஞ்சு கிளாஸு வச்சிருக்காங்க. மூணுல வேற வேற ஜின்னு, ஒண்ணுல லிக்யூரு. அஞ்சாவதுல வெறும் ஓட்கா, வாசனையே இல்லாதது. நாலையும் மாத்தி மாத்திச் சொன்னானாம். அதுகூடப் பரவால்லக்கா, பதட்டம்னு விட்டுருப்பாங்கன்னாரு. அந்த வெறும் ஓட்காவ ரொம்ப நேரம் மோந்துட்டு, நிறுத்தி நிதானமா, மல்லி, எலுமிச்சந்தோலு, அடியில கொஞ்சம் வெட்டிவேருன்னு சொன்னானாம். சிரிச்சுக்கிட்டே சொன்னானாம். அவன்கிட்ட தொழில் கத்துக்கிட்ட ஆறு பேரும் அங்கதான் நின்னிருக்காங்க. எல்லாரும் தரையப் பாத்தாங்கக்கான்னாரு. கண்ணைக் கட்டியிருந்ததால அவனுக்கு மட்டும் அது தெரியலையாம்.

ஆவணியில திரும்பி வந்தான், இந்தத் தடவை கணக்க முடிச்சுக்கிட்டு. நான் அடி வாங்கத் தயாராத்தான் இருந்தேன். அவனோ வந்ததும் வராததுமா எனக்குச் சமாதானம் சொல்றான். "பதட்டத்துல மூக்கு அடைச்சுருச்சுக்கா. ஏசி வேற. நீ இம்புட்டு நாள் கஷ்டப்பட்டத ஒரு நிமிசத்துல கெடுத்துட்டேன். ஒன் மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் லேட்டா வந்தேன்." என் வூட்டுக்காரரு எழுந்து வெளிய போயிட்டாரு. மூணு நாள் கழிச்சு, மத்தியானம் மில்லு நின்னதும் அவனே பாய விரிச்சான். அவனே கிளாஸு நாலையும் எடுத்துட்டு வந்தான். "இங்கதான நல்லா வந்துச்சு? மறுபடியும் ஆரம்பிப்போம். வேற ஹோட்டல் இல்லாமயா போயிரும்?"னு கண்ண மூடிக்கிட்டு உக்காந்தான்.

என்னால கிளாஸுல ஊத்த முடியல. "வேணாம்டா"ன்னேன். ஏன்னு கேட்டான். சொல்லிட்டேன். வரிசையாச் சொல்லல, ஒளறிக் கொட்டினேன். ஊசிப்போன கொழம்பு, தோப்பு, நீ சாப்பிடல, நீ செத்திருக்கலாம்னு சொன்ன, அதனால சரின்னேன், அப்பறம் நிறுத்த முடியலன்னு. அவன் கண்ணத் தொறக்காமயே கேட்டுக்கிட்டு இருந்தான்.

"எல்லாமே பொய்யாக்கா?"ன்னான் கடைசியில.

"ஆமாடா."

"ஆனியில ஒரு நா..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்தினான். அப்பறம் மெதுவா சொன்னான். "ஒரு நா ரெண்டாவது கிளாஸுல சோம்பு வந்துச்சு. நீ எதையும் சொல்றதுக்கு முன்னாடியே. ஒரு நொடிதான். திடீர்னு வந்துச்சு, போயிருச்சு. நான் அழுதுட்டேன், ஞாபகமிருக்கா? சரியான்னு கேட்டேன், நீ சரின்ன. அன்னிக்கப்பறம் ரெண்டு மூணு தடவை அப்படி வந்துச்சு. அதுதான் மூக்கு, மத்ததெல்லாம் நானா நெனைக்கிறதுன்னு எனக்கே சந்தேகம் இருந்துச்சு. ஆனா நீ எல்லாத்துக்கும் சரின்ன. அதனால எது வருது, எது நானா நெனைக்கிறதுன்னு பிரிக்காம விட்டுட்டேன்." கண்ணத் தொறந்து என்னப் பாத்தான். "அந்த ரெண்டாவது கிளாஸுல சோம்புதான இருந்துச்சு?"

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்துச்சு. அவன் அழுதது ஞாபகம் இருந்துச்சு. நான் வாசப்படியில, முந்தானையில மூக்கப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். எழுந்து வந்து நாலு கிளாஸையும் வாளியில முக்கினேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஆமான்னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த டாக்டரும் லேசா வாசனை வந்தா அதைப் பிடிச்சுக்கிட்டே போகணும்னுதான சொன்னாரு.

"நான் பாக்கலடா"ன்னேன்.

நாலு மணியாச்சு, வெளிய யாரோ அரிசி வாளியோட வந்து கதவத் தட்டினாங்க. அவன் எழுந்து கிளாஸுகளை எடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கினான்.

"அது ஒண்ண மட்டுமாவது பாத்திருக்கலாமேக்கா"ன்னான்.